சிங்லாவுக்கு அடித்த முரசு

முரசு ஓய்ந்துவிட்டது என்று கர்னல் மாசிலாமணிக்குத் தெரிந்துதான் இருந்தது, காதுதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. படகு நீளத்துக்கு ஒரே மரத்தைக் குடைந்து ஊர்க் கொட்டகையில் கிடத்தியிருக்கிறார்கள், அதன் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று உலக்கையால் இடிக்கிறார்கள், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தார். அது அடிவயிற்றில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சத்தம் சரிவில் இறங்கி ஆற்றைத் தாண்டி எதிர்மலையில் போய் முட்டும், அது பர்மா, அங்கே இதே சனத்தின் இன்னொரு ஊர், அவர்கள் காதில் வாங்கி அவர்கள் முரசில் இடித்து அடுத்த மலைக்குத் தள்ளிவிடுவார்கள், காட்டுக்குள் எந்த மூங்கில் குடிசையில் படுத்திருந்தாலும் கிளர்ச்சிக்காரர்களின் தலைவன் லெம்பாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்: உன் ஆத்தாள் சிங்லா செத்துப்போனாள், பொழுது சாய்வதற்குள் வந்து மண் போடு. அந்தச் சிங்லா கையெட்டும் தூரத்தில், அணைந்த அடுப்பைப் பார்த்தபடி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சற்று முன்னால் அவள் கையால் கொடுத்த டீ தகரக் குவளையில் பாதி மிச்சமாக அவர் காலடியில் இருந்தது, சர்க்கரை இல்லாத கறுப்பு டீ, புகை நாற்றம் அடித்தது, ஆனாலும் சூடாக இருந்தது, மரியாதைக்குக் குடித்தார். இனி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஆற்றுத்துறையில் ஆள் இருக்கிறது, இடுகாட்டுப் பாதையில் ஆள் இருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் பன்றிக் கொட்டிலுக்குள் இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியும் கையுமாக மூக்கைப் பொத்திக்கொண்டு குந்தியிருக்கிறார்கள். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காத்திருப்பது அவருக்குப் புதிதல்ல.

காத்திருப்பதுதான் அவருடைய திட்டமே. எல்லை தாண்டிய கிளர்ச்சிக்கு எதிராக நீண்டகால நோக்கில் ஒரு திட்டம் வேண்டும் என்று மேலிடம் கேட்டபோது, இதையே எத்தனை தடவை கேட்டாயிற்று என்பது மேலிடத்துக்கே மறந்துபோயிருந்தது. ஒருத்தர் வேலி என்றார். போட்டார்கள், ஊர்ச்சனம் அதில் துணி காயப்போட்டது. ஒருத்தர் ரோடு போட்டால் மனம் மாறும் என்றார். ரோடு வந்தது, அதில் முதலில் வண்டி ஓட்டிப் பார்த்தவர்கள் லெம்பாவின் ஆட்கள். ஒருத்தர் கால்பந்துப் போட்டி வைத்தார்; ஜெயித்த பையன்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஆற்றைக் கடந்து லெம்பாவிடம் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். இந்த ஆறு இருக்கிறதே, கோடையில் முழங்கால் நனையாது, ஆனால் இறங்கி ஏறினால் வேறு நாடு. இங்கே சுட்டுவிட்டு அங்கே போய் நின்று முகம் கழுவுவார்கள், நாம் இந்தக் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். போன மழைக்காலத்தில் மலை வளைவில் வைத்து அவருடைய லாரி ஒன்றைக் கொளுத்தினார்கள். உள்ளே இருந்த பையன்களின் வீட்டுக்கெல்லாம் அவரேதான் போன் போட்டார், கீழே இருப்பவர்களிடம் விட மனம் வரவில்லை, எல்லா வீட்டிலும் போனை எடுத்தது அம்மாதான், எப்படித்தான் தெரியுமோ, பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிடும், கடைசி வீட்டு அம்மாள் மட்டும் அழவே இல்லை, "சாப்பிட்டிருந்தானா?" என்று இந்தியில் கேட்டாள், ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு வைத்தார், வைத்த கையோடு அது வந்தது. துக்கம் வர வேண்டிய இடத்தில் யோசனை வந்தது. அதற்காக வெட்கப்பட்டாரா என்றால் பட்டார், ஒரு சிகரெட் நேரம். அக்கரையில் படுத்திருக்கும் ஒவ்வொருத்தனுக்கும் இக்கரையில் ஓர் அம்மா இருக்கிறாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு எவனும் காட்டுக்குப் போவதில்லை. அம்மா சாவாள். இந்தச் சனத்தில் மகன் முதல் பிடி மண் போடாமல் குழியை மூடக்கூடாது. முரசு கேட்டும் வராதவனின் பெயரை அதற்கப்புறம் ஊரில் யாரும் உச்சரிக்க மாட்டார்கள், பிறக்காதவன் ஆகிவிடுவான். வருவான். வந்தே தீர வேண்டும். வேலி வேண்டாம், ரோடு வேண்டாம், கிழவிகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தால் போதும், இருபது வருஷத்தில் அக்கரை காலி. இதைத்தான் நல்ல ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார்.

எழுதியது எளிது, கிழவிகள்தான் ஒத்துழைக்கவில்லை. எந்த வீட்டில் யாருடைய தாய் எந்த நிலைமையில் இருக்கிறாள் என்று தெரிய வேண்டுமே என்று ஊர் ஊராக இலவச மருத்துவ முகாம் நடத்தினார். கம்பளி கொடுத்தார்கள், கண் பார்த்தார்கள், ரத்தக்கொதிப்பு பார்த்தார்கள். வந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை; "இவள் இன்னும் எவ்வளவு நாள் தாங்குவாள்?" என்று கர்னல் கிழவி கிழவியாகக் காட்டித் தணிந்த குரலில் கேட்டபோது அதைக் கருணை என்று எடுத்துக்கொண்டு, நல்ல மாத்திரையாகப் பார்த்துக் கொடுத்துவிட்டார். வந்தது வினை. வருஷா வருஷம் குளிருக்கு நாலைந்து பேராவது போய்க்கொண்டிருந்த இடத்தில் அந்த வருஷம் ஒருத்தியும் போகவில்லை. காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து, அவருடைய ஜீப்பைக் கண்டால் பல்லில்லாத வாயால் சிரித்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லலாமா என்று ஒருநாள் நினைத்தார். நினைத்ததோடு சரி, சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை எண்ணித் தன்மேல் ஒரு மதிப்புக்கூட வந்தது. அந்த மதிப்பு இப்போது இந்த இருட்டு வீட்டில் எந்த மூலையில் போய் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை. இதற்கிடையில் மேலிடத்துப் பெரியவர் போனில் வந்தார். திட்டம் பிரமாதம் மாசிலாமணி, இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் இப்படி யோசிக்கவில்லை, தோட்டாச் செலவுகூட இல்லை, ஆனால் பாரும், மாசக் கடைசியில் ஆய்வுக் கூட்டம், நீண்டகாலத் திட்டம் பலிக்கும் என்று காட்ட உடனே ஒன்று வேண்டும், ஒன்றே ஒன்று போதும், ஆனால் பெயர் சொல்லும்படியாக. பெயர் சொல்லும்படி என்றால் லெம்பாதான். லெம்பாவின் தாய்க்கோ நாடி கல்லுப்போல இருந்தது. இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று டாக்டர் சந்தோஷமாகச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் கோமதியின் இட்லி ஞாபகத்துக்கு வந்தது. கோமதி அவருடைய தங்கை, வாதத்தில் விழுந்த அம்மாவைப் பாளையங்கோட்டையில் வைத்துப் பார்த்துக்கொள்பவள். போன வருஷம் ஆடியில் ஒரு நாள் போன் போட்டு, "அண்ணே, அம்மாவுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கு, இன்னைக்குத் தாண்டாதுங்காவ, வந்து மொகத்தப் பாத்துரு" என்று அழுதாள். மலையிலிருந்து ஹெலிகாப்டர், பிறகு விமானம், பிறகு இன்னொரு விமானம், பிறகு டாக்சி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார், கொள்ளிக்குடம் எந்தத் தோளில் வைப்பது என்று யோசித்தார், மொட்டை போட்டால் தொப்பி எப்படி உட்காரும் என்றுகூட யோசித்தார், மனசு அப்படித்தான், அதற்கு இடம் பொருள் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். மிளகாய்ப்பொடி எண்ணெய் கோணிய வாயோரம் வழிந்திருந்தது. "வந்துட்டியாய்யா" என்றாள் குழறிக்கொண்டு. கோமதி சமையலறை நிலைப்படியில் நின்று, "பின்ன? வேற என்ன சொன்னா நீ வருவ?" என்றாள். அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார். உணர்ச்சியுள்ள ஒரு கையால் அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை அதே போன், அதே அழுகை. அவர் போகவில்லை, அம்மாவும் சாகவில்லை, ஆக யார் கணக்கு சரி? ஆனால் தொழில்காரன் கண்ணால் பார்த்தபோது ஒன்று புரிந்தது. சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர், அம்மா என்று கேட்டதும் ஷூ நாடாகூடக் கட்டாமல் ஓடியிருக்கிறார். சாவு நிஜமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, செய்தி போதும்.

ஊர்த்தலைவனை வழிக்குக் கொண்டுவருவது கஷ்டமாக இல்லை. அவன் மருமகன் படைக் காவலில் கிடந்தான், முரசு அடித்தால் நாளைக்கே வீட்டுக்கு வருவான் என்று தாவூத்தை விட்டுச் சொன்னார். தாவூத் எல்லைப் பஜாரில் குடைக்கடை வைத்திருக்கும் தமிழன். ரங்கூனிலிருந்து துரத்தப்பட்டு நடந்தே வந்து, சொந்த ஊர் போய்ச் சேராமல் எல்லையிலேயே தங்கிவிட்ட குடும்பம். மலைப்பாஷை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே குறை, எதையும் நீட்டி முழக்குவான். "சாரத்த மட்டும் சொல்லும்" என்று முதல் நாளே கர்னல் வெட்டிவிட்டார், அதிலிருந்து சாரத்தை மட்டும்தான் சொல்கிறான். தலைவன் ஏதோ கேட்டான். "நிச்சயமான்னு கேக்குறான் சார்." "நிச்சயம்னு சொல்லு." தலைவன் கிழவியிடம் போய்க் குனிந்து பேசினான். அவள் முழுவதும் கேட்டாள், பிறகு பேசினாள், நீளமாக, ஆற்றுப்பக்கம் கையைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, பன்றிக் கொட்டிலைக் காட்டி, மறுபடி ஆற்றைக் காட்டி. "என்ன சொல்லுதா?" "சரிங்குறா சார்." அவ்வளவு பேச்சுக்கும் ஒரு சரிதானா என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவள் எழுந்து டீ போட்டு அவருக்கும் தாவூத்துக்கும் கொடுத்தாள், அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள், கூந்தலை அவிழ்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள், முரசு ஆரம்பித்தது. இப்போது வாசலில் பெண்கள் கூடி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள், ஒருத்தி தரையில் புரளுகிறாள். "நல்லாத்தான் நடிக்காளுவ" என்றார் கர்னல். "நடிக்கல சார்" என்றான் தாவூத். "முரசு அடிச்சாச்சுல்ல, இவ இப்ப இல்ல." "இல்லைன்னா?" "இல்லைன்னா இல்ல சார். இனிமே யாரும் இவகிட்ட பேச மாட்டாங்க, சோறு தர மாட்டாங்க. குழி வெட்டிட்டு இருக்காங்க. மூச்சு நிக்கிறப்ப மூடுவாங்க." கர்னலுக்குச் சிரிப்பு வந்தது, வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. "நாளைக்கி இன்னொரு தடவ அடிச்சு, தப்பா அடிச்சிட்டோம்னு சொன்னாப் போச்சு." "அப்படி ஒரு அடி கிடையாது சார். முன்னால ஒருத்தன் ஆத்தோட போயிட்டான்னு அடிச்சிட்டாங்களாம், ஆள் உசுரோட நடந்து வந்துட்டான். ஒரு வீட்டுலயும் கதவு தொறக்கல. வேற பேரு வெச்சிக்கிட்டு வேற மலைக்குப் போயிட்டானாம்." இவளும் போகட்டும், வேறு பெயர், வேறு மலை, நானே ஜீப்பில் கொண்டுபோய் விடுகிறேன், கம்பளி தருகிறேன், மாத்திரை தருகிறேன் என்று கர்னல் மனசுக்குள் மளமளவென்று ஏற்பாடு செய்தார், செய்து முடித்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"மாஜி" என்று அம்மாவுக்கான இந்தி வார்த்தையில் கூப்பிட்டுப் பார்த்தார். பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துத் தரையோடு தள்ளி அவள் முழங்கை அருகே வைத்தார். முதுகு அசையவில்லை, அசைந்தது, மூச்சுக்கு அசைந்தது, அவருக்காக அசையவில்லை. முதுகு என்றால் அம்மாவின் முதுகுதான் முதலில், சித்திரை வெயிலில் வேர்க்குரு கொப்புளித்த முதுகு, பவுடர் டப்பாவைக் கொடுத்துவிட்டு ரவிக்கையைத் தளர்த்தித் திரும்பி உட்காருவாள், "நல்லாத் தேய்யா, கை எட்ட மாட்டேங்கு" என்பாள், அவர் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன், வேண்டுமென்றே நகத்தால் ஒரு கீறு கீறுவார், அவள் ஸ்ஸ் என்பாள், திரும்ப மாட்டாள், மகன் தெரியாமல் செய்கிறான் என்று கடைசிவரை நம்பினாள், இல்லை, தெரிந்துகொண்டே நம்பினாளோ என்னவோ. சட்டைப்பையில் போன் நடுங்கியது. பார்த்தார், கோமதி. விட்டுவிட்டார். இன்றைக்கென்று பார்த்து இந்தக் குடிசையில் டவர் கிடைக்கிறது. லெம்பா வராமல் இருந்துவிட்டால்? பெரியவருக்கு என்ன பதில் சொல்வது, மாசக் கடைசியில் எதைக் காட்டுவது, இவளை என்ன செய்வது. வந்துவிட்டால்? வந்துவிட்டால் என்ன, அதற்குத்தானே, லாரிக்குள் எரிந்த பையன்களை நினை, கரிக்கட்டையாக இருந்ததில் யார் எது என்று தெரியாமல் பெட்டியில் போட்டு அனுப்பினோமே, அதை நினை, நினைத்தார், நினைக்கத்தான் முடிந்தது, கோபம் வரவில்லை, கோபத்தின் இடத்தில் அந்த அம்மாளின் குரல், சாப்பிட்டிருந்தானா. போன் மறுபடி. கோமதிக்கு வேறு வேலை இல்லை. வராமல் இருந்துவிடேன்டா என்று ஒரு நினைப்பு எங்கிருந்தோ எட்டிப் பார்த்தது. கர்னல் அதை அடையாளம் கண்டுகொண்டார், எதிரி உள்ளே புகுவது எப்போதும் இப்படித்தான், இருட்டில், தமிழில், சொந்தக் குரலில். அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். மறுபடி முதுகைப் பார்த்தார். பயமாக இருந்தது. எதற்கு என்று தெரியவில்லை. அவள் திரும்பிவிடுவாளோ என்றா, கடைசிவரை திரும்பாமலே இருந்துவிடுவாளோ என்றா. ஒரு தடவை திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டால்கூடப் போதும், சண்டைக்காரி என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். பிஸ்கட் பொட்டலத்தின் மேல் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது.

வெளியே அழுகை சட்டென்று அடங்கியபோது அவருக்குப் புரிந்துவிட்டது. பதுங்கி வருவான், சரிவு வழியாக வருவான், ஆட்களோடு வருவான் என்று எல்லா வழிக்கும் ஆள் போட்டிருந்தார். லெம்பா ஊர்ப் பாதையில் நடுவாக நடந்து வந்தான். முழங்கால்வரை ஈரம். வெளுத்த வெள்ளைச்சட்டை, நரைத்த கிருதா, மூக்குக்கண்ணாடி. எத்தனையோ வருஷமாகச் சுவரொட்டியில் முறைத்துக்கொண்டிருந்தவன் நேரில் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தான். வலது கையை மூடியிருந்தான், மூடிய கையைப் பார்த்ததும் கர்னலின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. வாசலில் நின்று குனிந்து உள்ளே பார்த்தான், கர்னலைப் பார்த்தான், தாவூத்தைப் பார்த்தான், பிறகு ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்தான். ஆச்சரியம் அவன் முகத்தில் இல்லை. அது இல்லாததுதான் கர்னலுக்கு ஆச்சரியமாக இருந்தது. மெதுவாக ஏதோ கேட்டான். "மண்ணு போட்டுக்கலாமான்னு கேக்குறான் சார்." "போடச் சொல்லு" என்றார் கர்னல், தாராளமாக, அந்தத் தாராளத்தைத் தானே கேட்டுக்கொண்டார். லெம்பா அம்மாவின் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். கையைத் திறந்தான், ஆற்று மண், ஈரமாக இருந்தது. அவிழ்ந்த கூந்தலின் நடுவே வைத்தான், அது சரிந்து கழுத்து வழியாக அவள் சட்டைக்குள் இறங்கியது. முதுகு ஒரு கணம் நின்றது, பிறகு பழையபடி ஏறி இறங்கியது. அவன் அம்மா என்று கூப்பிடவில்லை, கூப்பிடக்கூடாது போலிருக்கிறது, தலைமேல் வைத்த கையை மட்டும் எடுக்க நேரமாயிற்று. பிறகு எழுந்து தானே இரண்டு கைகளையும் நீட்டினான். பன்றிக் கொட்டிலில் இருந்த இரண்டு பேரும் நாற்றத்தோடு உள்ளே பாய்ந்தார்கள். ஒருத்தன், லாரியில் செத்தவர்களில் ஒருவனுடைய கூட்டாளி, துப்பாக்கிக் கட்டையால் கண்ணாடியைச் சேர்த்து முகத்தில் இடித்தான். தேவையே இல்லை. கர்னல் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது இடிக்கும் சொல்லவில்லை. லெம்பா டீக்குவளையின் மேல் விழுந்தான், மிச்ச டீ அவன் ரத்தத்தோடு அடுப்படிவரை ஓடியது. சத்தம் கேட்டும் கிழவி திரும்பவில்லை.

இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், வண்டி கிளம்பும் சத்தமும் கேட்டது. ஜெயித்தாயிற்று. பெரியவருக்குப் போன் போட வேண்டும், முதல் வாக்கியம் என்ன என்று கர்னல் மனசில் எழுதிப் பார்த்தார், திட்டத்தின் முதல் கட்டம், இல்லை, திட்டத்தின் செயல்விளக்கம். வெளியே ஆண்கள் ஓ என்று ஓசையிட்டுக்கொண்டு எதையோ இழுத்து வந்தார்கள். முரசு. அத்தனை பெரிய மரத்தை ஊரே சேர்ந்து கயிறு போட்டு இடுகாட்டுப் பக்கம் இழுத்தது. "எங்க கொண்டு போறாங்க?" "இவகூட அதையும் புதைக்கப் போறாங்க சார். அது பொய் சொல்லிருச்சாம். இனிமே இங்க யாரு செத்தாலும் சத்தம் கிடையாது. அக்கரை ஊர்களுக்கும் ஆள் போயிருக்கு, அங்கயும் நிறுத்தச் சொல்லி." கர்னல் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். இனி கிழவிகள் சத்தமில்லாமல் சாவார்கள். இனி எவனும் வர மாட்டான். இருபது வருஷத்துக்கென்று வைத்திருந்த விதைநெல்லை ஒரு மத்தியானத்தில் அவித்துத் தின்றாகிவிட்டது. "அவனுக்கு இது பொய்யின்னு தெரியாதுல்லா?" என்று கேட்டார், ஏதாவது ஒன்றில் ஜெயித்திருக்க வேண்டும் போலிருந்தது. தாவூத் தன் குவளையின் அடியைப் பார்த்தான். "தெரியும் சார். தலைவன் அடிக்கிறதுக்கு முன்னாலயே ஆள விட்டிருப்பான். பொய்யா இருந்தா என்ன, முரசு அடிச்சாச்சே, வந்துதானே ஆகணும்." "அப்ப இவ? இவ வேற பேரு வச்சிக்கிட்டுப் போலாம்லா? நான் கொண்டு விடுதேன்." "அதத்தான் சார் தலைவன் அவகிட்ட கேட்டான். மாட்டேன்னுட்டா. என் மகன் வருவான், பொய்க்கு வந்து மாட்டிக்கிட்டான்னு நாளைக்கு ஊர் பேசக்கூடாது, செத்த ஆத்தாளுக்கு மண்ணு போட வந்தான்னு இருக்கட்டும், நான் நெசமாவே போயிடுறேன், பன்னிய மட்டும் தலைவன் வீட்டுல கட்டிக்குங்கன்னு சொன்னா." "இத ஏம்வே அப்பவே சொல்லல?" "சாரத்த மட்டும் சொல்லச் சொன்னீங்களே சார்."

தாவூத்தை வெளியே அனுப்பினார். பிஸ்கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து, எறும்பைத் தட்டிவிட்டு, அவள் தோளுக்கு மேலாக நீட்டினார். தின்னு, தின்னுரு, உனக்கு ஒன்றும் ஆகவில்லை, உன் நாடி கல்லுப்போல இருக்கிறது. மண் படிந்த கூந்தல் அசையவில்லை. நீட்டிய கை வலித்தது. அப்போது போன் மறுபடி நடுங்கியது, கோமதி, இன்றைக்கு முழுக்க இவள்தான், எரிச்சலோடு எடுத்தார். "அண்ணே" என்றாள். இந்தத் தடவை அழவில்லை, குரல் வறண்டு கிடந்தது. "எத்தன தடவ போடுதேன். அம்மா போயிட்டா. மத்தியானமே போயிட்டா. எப்ப எடுக்கன்னு எல்லாரும் கேக்காவ. நீ வந்துருவியா, ஐஸ்பெட்டி சொல்லவா?" கர்னல் மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையை விட்டுவிட்டாள் பார், தேறிவிட்டாள், அழுதால் நம்ப மாட்டான் என்று கண்டுபிடித்துவிட்டாள், ஐஸ்பெட்டி என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறாள், நல்ல சேர்மானம், அவள் இடத்தில் இருந்தால் அவரும் அதைத்தான் சேர்த்திருப்பார். "இட்லி தின்னாச்சா அம்மா?" என்றார். "என்னண்ணே?" "போனை அவ காதுல வை. நான் அவகிட்டயே பேசிக்கிடுதேன்." "யாரு காதுல?" "அம்மா காதுலதான்." அந்தப் பக்கம் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது, நாற்காலி நகர்ந்தது, வளையல் உரசியது, போன் எதன்மேலோ சாய்ந்து நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. "அம்மா" என்றார். "நான்தான். மாசக் கடைசியில ஒரு கூட்டம் இருக்கு, முடிஞ்சதும் வாரேன், நெசமாவே வாரேன், கேக்குதா?" மூச்சுகூடக் கேட்கவில்லை, கோமதி நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எதிரே அந்த முதுகு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. யார் முதலில் வாயைத் திறக்கிறார்கள் பார்ப்போம் என்று கர்னல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குப் புதிதல்ல.